யாரது என்று கேட்கும் கதவு

உங்கள் கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டையைக் கழற்றி, கைபேசியின் டார்ச்சை அதன் முதுகில் ஒட்டிவைத்து எரியவிடுங்கள். அறை இருட்டாக இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய அட்டையாக இருந்தால், புகைப்படத்துக்கும் பெயருக்கும் அடியிலிருந்து ஒரு நிழல் எழுந்து வரும். ஓரத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடும் சில கோடுகள். அவை வந்து சேரும் இடத்தில் எள்ளளவு ஒரு கரும்புள்ளி. கோடுகள் கம்பிச் சுருள், புள்ளி ஒரு சில்லு. உள்ளே இருப்பது அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது, அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் காலையில் ரீடரில் அதைக் காட்டியதும் 'பீப்' என்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. கதவின் மேலே 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடிக் கதவு கைக்கு இளகிக்கொடுக்கிறது.

அந்தப் பீப்புக்கும் டக்குக்கும் நடுவே ஒரு நொடிகூட ஆவதில்லை. அதற்குள் ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு தீர்ப்பு மூன்றும் முடிந்துவிடுகின்றன. அட்டை கதவைத் திறக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். அட்டைக்குத் தெரிந்தது தன் பெயரைச் சொல்வது மட்டுமே. திறக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் பெட்டி வேறோர் இடத்தில் இருக்கிறது. கதவைப் பிடித்திருக்கும் பூட்டு இன்னோர் இடத்தில் இருக்கிறது. இம்மூன்றும் எப்படிக் கைகோக்கின்றன என்று பார்ப்போம். கடைசியில், நாம் வழக்கமாகக் கேட்காத ஒரு கேள்விக்கும் வருவோம்: இந்தக் கதவு நம்மை வெளியே விடுமா?

காற்றில் ஊறும் மின்சாரம்

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதிதான் அட்டைக்கு உயிர் கொடுக்கிறது. ஒரு கம்பிச் சுருளைச் சூழ்ந்த காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால், அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும். சுவரில் பதித்த ரீடருக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. அது இரவு பகலாகத் தன் முன்னே ஒரு காந்தப்புலத்தை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. பழைய வகை ரீடர் என்றால் நொடிக்கு 1,25,000 முறை. புதிய வகை என்றால் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை. சில சென்டிமீட்டர் தூரம் வரைதான் அந்தப் புலத்துக்கு வலு. அதற்குள் அட்டை வந்ததும் அதன் சுருளில் மின்சாரம் ஊறுகிறது, சில்லு விழித்துக்கொள்கிறது.

விழித்த சில்லு பதில் சொல்ல வேண்டும். சொந்தமாகக் குரல் எழுப்ப அதற்குத் தெம்பு கிடையாது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் நம் வீட்டு பல்பு ஒரு கணம் மங்குமே, அதே வழியைத்தான் அதுவும் பிடிக்கிறது. தன் சுருளில் ஒரு சுமையை ஏற்றுகிறது, இறக்குகிறது, மறுபடி ஏற்றுகிறது. ஒவ்வொரு முறையும் ரீடரின் புலம் மிக நுட்பமாகத் தளர்ந்து மீள்கிறது. பல்பு மங்குவதை வைத்தே பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடுவதை நாம் அறிவதுபோல, ரீடர் அந்தத் தளர்ச்சிகளை எண்ணி 1, 0 என்று எழுதிக்கொள்கிறது.

சார்லஸ் வால்டன் என்ற அமெரிக்கர் இப்படி அட்டையால் திறக்கும் கதவுக்கு 1973-இல் காப்புரிமை பெற்றார். ஷ்லேக் என்ற பூட்டு நிறுவனம் அவரிடம் உரிமம் வாங்கிக் கதவுகள் செய்தது. அக்காலத்தில் பரவலாக இருந்தவை காந்தப் பட்டை கொண்ட அட்டைகள். அவற்றை ஒரு பிளவில் இழுக்க வேண்டும். இன்று எதையும் இழுப்பதில்லை. ஆனாலும் 'ஸ்வைப் பண்ணு' என்ற சொல் நம் அலுவலகங்களில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அட்டையில் அச்சிட்ட புதிர்

சற்றுத் தடித்த வெள்ளை அட்டை உங்களிடம் இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். பத்து இலக்க எண் ஒன்றும், அதற்கடுத்து காற்புள்ளியால் பிரித்த இரண்டு சிறிய எண்களும் அச்சாகியிருக்கும். எடுத்துக்காட்டாக: 0001234567 018,54919. பார்த்தால் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. ஆனால் 18-ஐ 65,536-ஆல் பெருக்கி, அதோடு 54,919-ஐக் கூட்டிப் பாருங்கள். சரியாக 12,34,567 வரும். உங்கள் அட்டையிலும் இதைச் செய்து பார்க்கலாம். பெரும்பாலும் கணக்கு பிசகாது.

ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். முதல் பகுதிக்கு 8 பிட் (1 அல்லது 0 நிரம்பும் எட்டு இடங்கள்). அதாவது 256 மதிப்புகள். அது நிறுவனத்தையோ கட்டடத்தையோ குறிக்கும் எண். இரண்டாம் பகுதிக்கு 16 பிட். அதாவது 65,536 மதிப்புகள். அது ஆளுக்கு ஆள் மாறும் எண். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சரிபார்ப்பு பிட்கள் சேர்ந்தால் மொத்தம் 26. முதல் பாதியில் உள்ள 1-கள் இரட்டைப்படையாகவும் பின்பாதியில் உள்ளவை ஒற்றைப்படையாகவும் வரும்படி அவை இடப்படுகின்றன. வழியில் ஒரு பிட் புரண்டுவிட்டால் கணக்கு உதைக்கும், கதவு திறக்காது.

இந்த 26 பிட் வடிவத்துக்கு வீகண்ட் என்று பெயர். ஜான் வீகண்ட் என்பவர் கோபால்ட், இரும்பு, வனேடியம் கலந்த கம்பியை முறுக்கிப் பதப்படுத்தி ஒரு விந்தையான கம்பியை உருவாக்கினார். காந்தத்தின் அருகே போனால் அதன் காந்தத் திசை மெல்லத் திரும்பாது. படக்கென்று புரளும், புரளும்போது ஒரு மின்துடிப்பு தரும். அந்தக் கம்பித் துண்டுகளை இரண்டு வரிசைகளாகப் பதித்து அட்டை செய்தார்கள். ஒரு வரிசை 0, மற்றது 1. ஆகவே ரீடரிலிருந்து உள்ளே போக இரண்டு கம்பிகள் தேவைப்பட்டன: 0 வந்தால் ஒன்றில் துடிப்பு, 1 வந்தால் மற்றதில் துடிப்பு. அந்த அட்டை வழக்கொழிந்துபோயிற்று. அந்த இரட்டைக் கம்பிப் பேச்சு மட்டும் உலகெங்கும் கதவுகளில் இன்றும் ஓடுகிறது. துடிப்புக்குத் துடிப்பு சுமார் 2 மில்லிநொடி இடைவெளி என்றால், 26 பிட்டும் போய்ச் சேர ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும்.

'நான்தான்' என்றால் போதுமா?

இருட்டிய பின் யாராவது கதவைத் தட்டினால், தாழ்ப்பாளைத் தொடும் முன் பாட்டி உள்ளிருந்தே 'யாரது?' என்பாள். 'நான்தான்' என்ற குரல் பழகியதாக இருந்தால் திறப்பாள். பழைய அட்டையின் பதிலும் இந்த 'நான்தான்' போன்றதே. புலத்துக்குள் வந்ததும், கேட்பவர் யார் என்று பாராமல் தன் எண்ணை ஒப்பித்துவிடும். கேட்பது அலுவலக ரீடரா, லிஃப்டில் உரசி நிற்கும் அந்நியர் பையில் உள்ள கருவியா என்று அதற்குத் தெரியாது. ஒருமுறை கேட்டுக்கொண்டவர் அதே எண்ணை ஒரு வெற்று அட்டையில் எழுதிவிடலாம். கதவுக்கு இரண்டும் ஒரே ஆள்.

புதிய அட்டைகளிடம் ரீடர் வேறு விதமாகக் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் புத்தம் புதிதாக ஓர் எண்ணை உருவாக்கி நீட்டுகிறது. அட்டைக்கும் ரீடருக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவி ஒன்று உண்டு. அந்தச் சாவியை வைத்து அட்டை ஒரு கணக்குப் போட்டு விடையைத் திருப்பித் தருகிறது. ரீடரும் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கிறது. விடை பொருந்தினால் அட்டை அசல். சாவி காற்றில் வருவதே இல்லை. ஒட்டுக்கேட்டவருக்குக் கிடைப்பது முடிந்துபோன கேள்வியின் விடை. அடுத்த கேள்விக்கு அது உதவாது.

இந்த ஏற்பாடும் ஒருமுறை சறுக்கியது. மிக்ரான் என்ற ஆஸ்திரிய நிறுவனம் 1994-இல் கொண்டுவந்த மைஃபேர் கிளாசிக் என்ற அட்டை அலுவலகக் கதவுகளிலும் லண்டனின் ஆய்ஸ்டர் பயண அட்டையிலும் புழங்கியது. அதன் சாவி 48 பிட். கணக்குப் போடும் முறையோ வெளியில் சொல்லப்படாத ரகசியம். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினி மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் புளோட்ஸ் என்ற இருவர், சில்லை அடுக்கடுக்காகத் தேய்த்து நுண்ணோக்கியில் படம் பிடித்து அந்த முறையைப் படித்துவிட்டதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அட்டையை முழுதாக உடைத்தார்கள். ஆய்வு வெளிவரக் கூடாது என்று, அப்போது அந்தச் சில்லைத் தயாரித்துவந்த என்.எக்ஸ்.பி. நிறுவனம் நீதிமன்றம் போனது. 2008 ஜூலையில் ஆர்னெம் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது, கட்டுரை வெளிவந்தது.

ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர் 1883-லேயே இதை எழுதியிருந்தார்: சங்கேத முறை எதிரி கையில் கிடைத்தாலும் பாதுகாப்பு குலையக் கூடாது, காக்க வேண்டியது சாவியை மட்டும். பூட்டு செய்யும் விதம் ஊருக்கே தெரிந்திருக்கலாம். சாவி கைமாறாத வரை வீட்டுக்குக் கேடில்லை. இன்றைய நல்ல அட்டைகளின் கணக்கு முறை ஏ.இ.எஸ். எவரும் படித்துப் பார்க்கக்கூடிய பொது முறை அது; சாவி 128 பிட். ஆனால் அட்டையை மட்டும் மாற்றி என்ன பயன்? ரீடரிலிருந்து உள்ளே போவது அதே பழைய இரட்டைக் கம்பி என்றால், அங்கே எண் மறைவின்றியே ஓடுகிறது. அந்த வழியையும் சங்கேதத்தால் மூடும் புதிய முறைகள் இப்போது வந்துவிட்டன.

தீர்ப்பு சொல்லும் பெட்டி

இரட்டைக் கம்பி போய்ச் சேரும் இடம் கண்ட்ரோலர். பொதுவாகக் கதவுக்கு உட்புறம், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ மின் அறையிலோ ஓர் உலோகப் பெட்டிக்குள் இருக்கும். எண் வந்ததும் அது தன் பட்டியலைப் புரட்டுகிறது. இந்த எண் என்னிடம் உண்டா? இந்தக் கதவுக்கு இவருக்கு அனுமதி உண்டா? இந்த நாளில், இந்த நேரத்தில் உண்டா? துப்புரவுப் பணியாளரின் அட்டை காலை ஆறு முதல் எட்டு வரை, பயிற்சிக்கு வந்த மாணவரின் அட்டை மாதக் கடைசி வரை. எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், ரிலே என்ற மின் சுவிட்ச் சில நொடிகள் புரண்டு மீள்கிறது. நாம் கேட்ட 'டக்' அதன் விளைவு.

இரும்புச் சாவிக்கும் அட்டைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். அனுமதி சாவியின் வடிவத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. இங்கே அனுமதி ஒரு பட்டியலில் இருக்கிறது. அட்டை தொலைந்தால் ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். கதவில் கை வைக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலின் நகல் ஒவ்வொரு கண்ட்ரோலரிலும் இருக்க வேண்டும். தலைமைக் கணினியை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் திறப்பேன் என்றால், வலையமைப்பு விழுந்த அன்று கதவும் விழும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, அதன் ஊழியர்கள் சிலருடைய அட்டைகளும் வேலை செய்யாமல் கட்டடங்களுக்குள் நுழைய முடியவில்லை என்று செய்திகள் வந்தன. தன் காலிலேயே நிற்கத் தெரிந்த கண்ட்ரோலரே நல்ல கண்ட்ரோலர்.

நல்ல ஏற்பாட்டில் வெளியே இருக்கும் ரீடருக்குள் பூட்டின் கம்பி வராது. மலிவான ஒற்றைப் பெட்டிகளில் ரீடரும் ரிலேயும் ஒன்றாகவே வெளிச்சுவரில் இருக்கும். நான்கு திருகுகளைக் கழற்றியவர் கையில் கதவே கிடைத்துவிடும்.

ஆடினால்தான் பிடிக்கும்

கண்ணாடிக் கதவின் மேல் விளிம்பில் நீளமாக ஓர் உலோகக் கட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மேக்னடிக் லாக். கதவு நிலையில் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. நாக்கு, தாழ்ப்பாள், சுருள்வில் என்று எதுவும் இல்லை. 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் பாய்ந்தால், அதாவது ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு குடிக்கும் 6 வாட் மின்சாரத்தில், ஒரு நடுத்தரப் பூட்டு சுமார் 270 கிலோ விசை வரை தாங்கி நிற்கும்.

இதைப் பொருத்திக்கொண்டிருந்த ஒரு டெக்னீஷியனை ஏணிக்கு அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தகட்டைக் கதவில் மாட்டியவர் திருகை முழுதாக முறுக்காமல் விட்டார். விரலால் தள்ளினால் தகடு லேசாக ஆடியது. "தம்பி, இன்னும் கொஞ்சம் டைட் வைக்கலாமே?" என்றேன். "இறுக்கிட்டா பிடிக்காது சார். ஆடணும்" என்றார். தகட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் வாஷரைக் காட்டினார். பிறகு காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மடித்த காகிதம் ஒன்றை வைத்துக் கதவை இழுக்கச் சொன்னார். சற்று முன் இரண்டு பேர் இழுத்தும் அசையாத கதவு, ஒரு கையில் வந்துவிட்டது.

காரணம் எளியது. காந்தம் தகட்டை முழுப்பரப்பிலும் தொட்டால்தான் காந்தக் கோடுகள் இரும்புக்குள்ளேயே சுற்றி வரும். நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் அவை காற்றைக் கடக்க வேண்டும். இரும்போடு ஒப்பிட்டால் காற்று அவற்றுக்குப் பெருந்தடை. இறுக்கி வைத்த தகடு ஒரு மூலையில் தொட்டு மறு மூலையில் விலகி நிற்கும். ஆடும் தகடு தானே நகர்ந்து காந்தத்தின் முகத்தோடு முகம் பொருத்திக்கொள்ளும்.

ஒரு முனையில் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சுருள். மறு முனையில் மின்சாரத்திலிருந்து காந்தம் செய்யும் சுருள். வில்லியம் ஸ்டர்ஜன் 1825-இல் செய்து காட்டிய மின்காந்தமும் ஃபாரடேயின் 1831 விதியும் ஒரே கதவில் எதிரெதிரே நின்று வேலை செய்கின்றன.

வெளியே போகிறவரிடம் கேள்வி கூடாது

மின்சாரம் நின்றால் இந்தப் பூட்டு தானே விட்டுவிடும். பலர் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதுதான் இந்தப் பூட்டின் பெருங்குணமாகத் தெரிகிறது. சாதாரண மின்வெட்டைச் சமாளிக்க ஒரு பேட்டரி உண்டு. 7 ஆம்பியர்-மணி பேட்டரி அரை ஆம்பியர் பூட்டைக் கணக்குப்படி 14 மணி நேரம் தாங்கும். கண்ட்ரோலரும் ரீடரும் அதிலேயே பங்கு கேட்பதால் நடைமுறையில் குறையும். ஆனால் தீ என்றால் பேட்டரியையும் மீறிப் பூட்டு விட வேண்டும். அதற்காகத் தீ எச்சரிக்கைப் பலகையிலிருந்து ஒரு தொடர்பு வந்து பூட்டின் மின்வழியைத் துண்டிக்கிறது. கதவருகே ஒரு பச்சைப் பெட்டியும் இருக்கும். அழுத்தினால் அதுவும் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாக அறுக்க வேண்டும். கண்ட்ரோலரிடம் 'திறக்கட்டுமா?' என்று அது கேட்கக் கூடாது. உறைந்துபோன கணினி அந்த நேரத்தில் பதில் சொல்லாது.

மின்சாரம் போனாலும் பூட்டியே நிற்கும் வகைகளும் உண்டு. பணப் பெட்டகம், சர்வர் அறை போன்ற இடங்களுக்கு அவை தேவை. அங்கும் உட்புறக் கைப்பிடியைத் திருப்பினால் கதவு எப்போதும் திறக்க வேண்டும். வெளியேறும் கதவுகள் உள்ளிருப்பவருக்குச் சாவியின்றித் திறக்க வேண்டும் என்று இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் துணி திருடிச் செல்கிறார்களா என்று பையைச் சோதிக்க, எல்லோரும் ஒரே வழியாக வெளியேற வேண்டும் என்பது நடைமுறை. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த இளம்பெண்கள். அன்று அதை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலரானார்.

அந்தக் கதவின் நோக்கம் நம் கதவுகளிலும் இருக்கிறது. வேலை நேரத்தைக் கணக்கிட, வெளியே போகும்போதும் அட்டையைக் காட்டச் சொல்லும் அலுவலகங்கள் நிறைய. கணக்கிடுவதில் தவறில்லை. ஆனால் அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடி வருபவருக்கும் அந்தக் கதவு திறந்தே ஆக வேண்டும். உள்ளே வருபவரிடம் 'யாரது?' என்று கேட்கலாம். வெளியே போகிறவரிடம் கேட்க எந்தக் கதவுக்கும் உரிமை இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. முன்னால் போகிறவர் திறந்த கதவில் பின்னாலேயே நுழைவது நம் வழக்கம். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது மரியாதை என்றும் நினைக்கிறோம். பல கட்டடங்களில் தீ விபத்து நேர்ந்தால், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கண்ட்ரோலரின் பதிவை வைத்துத்தான் ஆள் எண்ணிக்கை எடுப்பார்கள். அட்டையைக் காட்டாமல் நுழைந்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. அவரைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

நாளை காலை அட்டையைக் காட்டி உள்ளே போனதும் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். பச்சைப் பெட்டி கண்ணில் படுகிறதா? அதன் முன்னால் தண்ணீர் கேன்களோ அலமாரியோ இல்லையே? கடைசியாக எப்போது அதைச் சோதித்தீர்கள் என்று பராமரிப்பு அண்ணனிடம் கேளுங்கள். முடிந்தால் உங்கள் முன்னாலேயே ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அட்டை இல்லாமல், கணினியைக் கேட்காமல், உடனே அந்த 'டக்' சத்தம் வர வேண்டும்.